கெஸ்ட் வை-ஃபையில் இருப்பவர் பில்லிங் கம்ப்யூட்டரைத் தொட முடியுமா?

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் சர்வர்கள் சைபர் தாக்குதலில் முடங்கின. நோயாளிகள் பதிவு, பில், லேப் ரிப்போர்ட் என எல்லாம் பல நாட்கள் பேப்பரிலும் பேனாவிலும் நடந்தன. 5 சர்வர்களில் சுமார் 1.3 டெராபைட் தரவு பாதிக்கப்பட்டது. நெட்வொர்க் சரியாகப் பிரிக்கப்படாததே காரணம் என்று மத்திய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது.

'அது டெல்லி. நம்ம முதலியார்பேட்டைக்கு என்ன?' என்று தோணலாம். கடலூர் சாலையில் ஒரு கிளினிக்கையோ லாட்ஜையோ நினைத்துப் பாருங்கள். ஒரே ஃபைபர் இணைப்பு, ஒரே ரவுட்டர். பில்லிங் கம்ப்யூட்டர், சிசிடிவி, வந்தவர்களுக்கான வை-ஃபை மூன்றும் அதில்தான் தொங்கும். கேமராவின் பழைய பாஸ்வேர்டு ஒன்று போதும், உள்ளே வந்தவர் எல்லாவற்றையும் துழாவலாம்.

மூன்று ரவுட்டர் வேண்டுமா?

வேண்டாம். பிசினஸ் ரவுட்டரின் ஒரே போர்ட்டுக்குள் பல மெய்நிகர் இன்டர்ஃபேஸ்களை உருவாக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விலான் எண் உண்டு. உதாரணமாக, பில்லிங்குக்கு 10, கேமராவுக்கு 20, கெஸ்ட்டுக்கு 30. ஒவ்வொன்றுக்கும் தனி ஐபி வரிசை: 192.168.10, 192.168.20, 192.168.30 என்று வைத்தால் நினைவில் நிற்கும். ஒரே கேபிளில் போனாலும், தரவின் மேல் ஒட்டியிருக்கும் எண் எது எந்தப் பிரிவு என்று காட்டிவிடும். 802.1க்யூ என்ற பொதுத் தரநிலை இதற்காகவே இருக்கிறது. நடுவில் இருக்கும் ஸ்விட்சும் இந்த எண்களைப் படிக்கத் தெரிந்த 'மேனேஜ்டு' வகையாக இருக்க வேண்டும்.

எங்கே கோட்டை விடுகிறார்கள்?

விலான் போட்டாச்சு, வேலை முடிஞ்சுது என்று கிளம்புவதில்தான். ரவுட்டரின் வேலையே நெட்வொர்க்குகளை இணைப்பது. தடுக்கச் சொல்லாதவரை பல ரவுட்டர்கள் 30-இல் இருந்து வருவதை 10-க்கு அனுப்பிவிடும். எனவே ஃபயர்வால் விதி கட்டாயம். கெஸ்ட்டுக்கு இன்டர்நெட் மட்டும். கேமராவுக்கு அதுவும் வேண்டாம். வீட்டிலிருந்து போனில் கேமரா பார்க்கும் முதலாளிக்கு இது கொஞ்சம் சிரமம்தான். அவர் விபிஎன் வழியாக வரலாம்.

யார் பொறுப்பு?

இதை டெக்னீஷியன் தலையில் கட்டிவிட்டு ஒதுங்குவது சரியல்ல. பூட்டு வேண்டுமா என்பதைக் கடைக்காரர்தானே முடிவு செய்கிறார்? வாடிக்கையாளர் தரவுக்குப் போதிய பாதுகாப்பு இல்லையென்றால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வழி செய்கிறது. எந்தக் கிளினிக்கும் லாட்ஜும் பயப்பட வேண்டியது அபராதத்துக்கு மட்டுமல்ல. நம்பித் தகவல் கொடுத்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய நாளுக்கும்தான்.

டெக்னீஷியன் கிளம்புவதற்கு முன் ஒரு சோதனை: போனை கெஸ்ட் வை-ஃபையில் இணைத்து, ரவுட்டரின் லாகின் பக்கத்தையும் கேமரா பக்கத்தையும் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்று திறந்தாலும் வேலை இன்னும் முடியவில்லை.