விசிறி வாங்கும்போது தூங்குகிறவரையும் நினையுங்கள்

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் கடைக்காரரிடம் என்னென்ன கேட்கிறார்கள்? ராம் எவ்வளவு, ஹார்டு டிஸ்க் எவ்வளவு, கேபினெட்டுக்குக் கண்ணாடிக் கதவு உண்டா, உள்ளே வண்ண விளக்கு எரியுமா என்றெல்லாம் கேட்கிறார்கள். "உள்ளே சுற்றுகிற விசிறி எப்படிப்பட்டது?" என்று கேட்பவர் நூற்றில் ஒருவராவது இருப்பாரா என்பது சந்தேகமே.

விசிறி சின்னப் பொருள்தான். ஆனால் கம்ப்யூட்டர் ஓடுகிற நேரமெல்லாம் ஓசை எழுப்புவது அதுதான். தேய்ந்து முதலில் கெட்டுப்போகும் உறுப்புகளில் ஒன்றும் அதுதான். அதைக் கேட்காமல் வாங்குவது, மாப்பிள்ளையின் படிப்பையும் சம்பளத்தையும் விசாரித்துவிட்டுக் குணத்தை விசாரிக்காமல் விடுவதைப் போன்றது.

ஒற்றை அறை வீட்டின் கதை

ஸ்ரீராம்புரத்தில் இது சின்ன விஷயமல்ல. மல்லேஸ்வரத்தை ஒட்டியிருந்தாலும் மல்லேஸ்வரத்தின் அகன்ற தெருக்கள் இங்கே இல்லை. சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். பல வீடுகளில் சமையலுக்கு ஒரு மூலை, படுக்கைக்கு ஒரு மூலை. 2020ஆம் ஆண்டு கொரோனா ஊரடங்கின்போது பள்ளிக்கூடமும் ஆபீசும் வீட்டுக்குள் வந்தன. அதற்குப் பிறகு கம்ப்யூட்டர் மேஜைக்கும் ஒரு மூலை ஒதுக்க வேண்டியதாயிற்று.

இரவு ஷிப்ட் முடித்து வந்த தகப்பனார் பகலில் தூங்குவதும் அந்த அறையில்தான். பி.யு.சி. படிக்கிற பெண் பரீட்சைக்குப் படிப்பதும் அந்த அறையில்தான். கல்யாணப் பத்திரிகை டி.டி.பி. செய்து கொடுத்து நாலு காசு பார்க்கிற பையன் நள்ளிரவு வரை உட்காருவதும் அதே அறையில்தான். தனி அறை உள்ளவர் கதவைச் சாத்திக்கொள்ளலாம். ஒற்றை அறையில் இருப்பவர் எந்தக் கதவைச் சாத்துவார்?

படுக்கையறையில் இரவில் தொடர்ந்து கேட்கும் ஓசை 30 டெசிபலைத் தாண்டாமல் இருந்தால்தான் தூக்கம் கெடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டியில் கூறியது. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிகளில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று எல்லை வகுத்துள்ளன. தெருவில் ஒலிபெருக்கி அலறினால் போலீசில் புகார் செய்யலாம். நம் வீட்டு மேஜையடியில் உறுமுகிற பெட்டியைப் பற்றி யாரிடம் புகார் செய்வது? நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

விசிறியே வேண்டாம் என்றால்?

விசிறி இல்லாத கம்ப்யூட்டரை விற்றுப் பார்த்தவர்களும் உண்டு. ஆப்பிள் நிறுவனம் 1980ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஆப்பிள் மூன்று' என்ற கம்ப்யூட்டரில் விசிறியே வைக்கவில்லை. உலோகப் பெட்டியே சூட்டை வெளியேற்றிவிடும் என்று நம்பினார்கள். நடந்தது வேறு. மெஷின்கள் சூடேறிப் பழுதாயின. முதலில் விற்ற ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்களை மாற்றிக் கொடுக்க வேண்டியதாயிற்று. அந்த மாடலின் பெயரும் கெட்டது.

இன்றைய பிராசஸர்கள் அன்றையவற்றைவிடப் பல மடங்கு சூடு கக்குபவை. சூடு 100 டிகிரி செல்சியசை நெருங்கினால் அவை தம்மைக் காத்துக்கொள்ளத் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே மேஜைக் கம்ப்யூட்டருக்கு விசிறி வேண்டும். அது ஓசையில்லாமல் சுற்ற வேண்டும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்குமா? கிடைக்கும்.

பெரிது வாங்கு, மெதுவாகச் சுற்று

அதிக வேகத்தில் சுற்றும் விசிறியே நல்ல விசிறி என்ற எண்ணம் நம்மவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. இது தவறு. விசிறியின் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் காற்று பாதியாகும். ஓசையோ ஏறக்குறைய 15 டெசிபல் இறங்கிவிடும். 10 டெசிபல் இறங்கினாலே காதுக்குச் சத்தம் பாதியாகக் குறைந்தது போல் தோன்றும். வேகத்தில் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தாலே 5 டெசிபல் அளவுக்குச் சத்தம் குறையும். விசிறி இழுக்கும் மின்சாரமும் ஏறக்குறையப் பாதியாகும்.

அப்படியானால் குறைகிற காற்றை எப்படி ஈடு செய்வது? பெரிய விசிறியால் ஈடு செய்யலாம். பழைய கேபினெட்டுகளில் 80 மில்லிமீட்டர் விசிறி இருக்கும். இப்போது பரவலாக இருப்பது 120 மில்லிமீட்டர். இதன் பரப்பு பழையதைப் போல் இரண்டேகால் மடங்கு. அதே காற்றை இது நிதானமாகச் சுற்றியே தள்ளிவிடும். இடம் இருந்தால் 140 மில்லிமீட்டரும் போடலாம்.

பெங்களூர்வாசிகளுக்கு இதில் இன்னொரு வசதியும் உண்டு. இங்கே ஏப்ரல் மாதத்திலும் பகல் உச்ச வெப்பம் சராசரியாக 34 டிகிரியை ஒட்டியே இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல் இருப்பதால் காற்று சற்று லேசானது என்பது உண்மையே. ஆனாலும் சென்னையின் கத்திரி வெயிலுக்கு ஓட வேண்டிய வேகத்தில் இங்கே விசிறி ஓட வேண்டிய அவசியமில்லை. இயற்கை கொடுத்த இந்தச் சலுகையை ஏன் வீணாக்க வேண்டும்?

புஷ்ஷா, பால் பேரிங்கா?

விசிறியின் ஆயுளைத் தீர்மானிப்பது அதன் நடுவில் இருக்கும் பேரிங். மலிவு விசிறிகளில் இருப்பது புஷ். வீட்டு டேபிள் ஃபேனில் பார்த்திருப்பீர்களே, அதே வகைதான். புதிதில் சத்தமே இருக்காது. நாளாக ஆக, சூட்டில் எண்ணெய் வற்றும், தூசி சேரும், கரகரவென்று அரைக்க ஆரம்பிக்கும். மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ படுக்கைவாட்டில் மாட்டிய புஷ் விசிறி இன்னும் சீக்கிரம் தேயும். ஸ்டிக்கரை உரித்துத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் சில காலம் ஓடும். ஆனால் தேய்ந்த புஷ் மறுபடி வளராது.

பால் பேரிங் விசிறி சூட்டைத் தாங்கும், நெடுநாள் உழைக்கும். ஆனால் மெல்லிய ஓசை ஒன்று ஆரம்பத்திலிருந்தே இருக்கும். வயதாக ஆகக் கூடும். மூன்றாவது வகையில் தண்டைச் சுற்றி எண்ணெய் அடைத்து வைத்திருப்பார்கள். சுற்றும்போது எண்ணெயின் அழுத்தமே தண்டைத் தாங்கும். உலோகம் உலோகத்தில் உரசாது. அட்டையில் இதை எஃப்.டி.பி. என்று போட்டிருப்பார்கள். ஓசையும் குறைவு, உழைப்பும் அதிகம், விலைதான் கூடுதல். ரைஃபிள், ஹைட்ராலிக் என்ற பெயர்களில் வருபவை பெரும்பாலும் புஷ்ஷின் திருந்திய வடிவங்கள். அவை நடுத்தரம்.

படுக்கையறையில் வைக்கும் கம்ப்யூட்டருக்கு நம் சிபாரிசு எஃப்.டி.பி. வகைதான். கட்டுப்படியாகாவிட்டால் ரைஃபிள். வெறும் புஷ்ஷை, மாதத்துக்கு இரண்டு நாள் ஓடுகிற மெஷினுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அட்டையில் போட்டதெல்லாம் வேதமல்ல

ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் 2018ஆம் ஆண்டு வெளியிட்ட 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று, நிமிஷத்துக்கு 2000 சுற்று சுற்றும்போதும் 22.6 டெசிபல்தான் என்று அட்டையில் குறித்திருக்கிறது. ஆறு ஆண்டு உத்தரவாதமும் உண்டு. எல்லாரும் அதையே வாங்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை; அதன் விலை எல்லாருக்கும் ஏற்றதல்ல. எது சாத்தியம் என்பதற்கு ஓர் அளவுகோல், அவ்வளவுதான்.

டெசிபல் எண்ணைக் கம்பெனிக்காரர்கள் தடையில்லாத வெளியில், தனி விசிறியை வைத்து அளக்கிறார்கள். நம் பெட்டியிலோ முன்னால் ஜல்லடை, உள்ளே ஒயர் குவியல், பின்னால் சுவர். ஒரே மாதிரி இரண்டு விசிறி சுற்றினால் சத்தம் 3 டெசிபல் கூடும். ஆயுளும் இப்படித்தான். 1,50,000 மணி என்று போட்டிருந்தால் பதினேழு வருஷம் ஓடும் என்று கணக்குப் போட்டுவிட வேண்டாம். அது குறிப்பிட்ட சூட்டில், பல விசிறிகளை வைத்துக் கணித்த சராசரி. நம் கைக்கு வந்த ஒன்று எப்போது நிற்கும் என்று அது சொல்லாது. எண்ணைவிட உத்தரவாதத்தை நம்பலாம். ஐந்தாறு வருஷம் எழுதிக் கொடுப்பவர் தம் சரக்கை அறிந்தே கொடுக்கிறார்.

கடைக்குப் போகுமுன்

ஸ்ரீராம்புரத்தில் மெட்ரோ ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன் சிக்பேட்டை. அங்கிருந்து நடை தூரத்தில் எஸ்.பி. ரோடு. விசிறி வாங்குவது எளிது. ஆனால் கிளம்புமுன் காசு செலவில்லாத வேலைகள் சில உண்டு.

முதலில் மெஷினை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிவிட்டுத் தூசியைத் துடையுங்கள். ஊதுபத்திப் புகையும் தாளிப்பு எண்ணெயும் சேர்ந்து ஹீட்சிங்கில் பசை போல் படிந்திருக்கும். காற்றடித்துச் சுத்தம் செய்தால், விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். கட்டுமீறிச் சுற்றினால் பேரிங் கெடும். பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். பிராசஸர் மேல் தடவிய பேஸ்ட் காய்ந்திருந்தால் மாற்றச் சொல்லுங்கள். பாதி வீடுகளில் இதோடு சத்தம் அடங்கிவிடும்.

அப்படியும் அடங்காவிட்டால் எந்த விசிறி கத்துகிறது என்று கண்டுபிடியுங்கள். பிராசஸர் விசிறியா, கேபினெட் விசிறியா, எஸ்.எம்.பி.எஸ். விசிறியா? எஸ்.எம்.பி.எஸ்.ஸை மட்டும் வீட்டில் திறக்கவே கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கும்; உயிருக்கு ஆபத்து. அதைத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

விசிறியின் அளவு தெரியாவிட்டால் திருகுத் துளைகளுக்கு இடையே அளந்து பாருங்கள். 71.5 மில்லிமீட்டர் என்றால் அது 80 வகை. 105 என்றால் 120 வகை. இணைப்பில் எத்தனை முனை என்றும் பாருங்கள். நான்கு முனை என்றால் மதர்போர்டே சூட்டுக்குத் தக்கபடி வேகத்தைக் கூட்டிக் குறைக்கும். மதர்போர்டை விட்டுவிட்டு எஸ்.எம்.பி.எஸ்.ஸின் பெரிய பிளக்கில் நேரே மாட்டுகிற விசிறி எந்நேரமும் முழு வேகத்தில்தான் கத்தும். ஆபீசுகளில் கழித்துவிட்ட பழைய டெல் கம்ப்யூட்டர் சிலவற்றில் பிராசஸர் விசிறிக்கு ஐந்து முனை இருக்கும். சந்தையில் கிடைக்கும் சாதாரண விசிறி அதில் பொருந்தாது. பழைய விசிறியைக் கழற்றிக் கையோடு கொண்டுபோவதே புத்திசாலித்தனம்.

வியாபாரிகளுக்கு ஒரு வார்த்தை

"சத்தம் நாளடைவில் பழகிவிடும்" என்று சிலர் சமாதானம் சொல்கிறார்கள். விழித்திருப்பவருக்குப் பழகலாம். தூங்குகிறவரின் காது மூடிக்கொள்வதில்லையே! "ஏழைக்கு எதற்கு விலை கூடிய விசிறி?" என்றும் கேட்கிறார்கள். வருஷத்துக்கு ஒன்று என மூன்று மலிவு விசிறி வாங்குகிறவர், ஒரு நல்ல விசிறியின் விலையைத் தவணை முறையில் கட்டிக்கொண்டிருக்கிறார். கூடவே இரைச்சலையும் வாங்கிக்கொள்கிறார்.

அசெம்பிள் செய்து கொடுக்கும் கடைக்காரர்களிடம் நாம் கேட்பது பெரிதல்ல. ராம் என்ன, டிஸ்க் என்ன என்று பில்லில் எழுதுகிறீர்கள். அதற்குக் கீழே விசிறியின் அளவு, பேரிங் வகை, உத்தரவாதம் எத்தனை வருஷம் என்று இன்னும் ஒரு வரி எழுதுங்கள். எழுதச் சொல்லிக் கேட்க வேண்டியது வாங்குகிறவரின் கடமை. கேட்பவர் இருந்தால் எழுதுபவர் தானே வருவார்.

நிறைகுடம் தளும்பாது என்பார்கள். நல்ல விசிறியும் அப்படித்தான். அது இருப்பதே தெரியாது. விளக்குக்கும் கண்ணாடிக்கும் கொடுக்கிற பணத்தில் ஒரு பங்கை அதற்குக் கொடுங்கள். கம்ப்யூட்டரைத் தொட்டே பார்க்காத வீட்டுப் பெரியவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள்.