மலையில் வீடு வாங்கப் போகிறீர்களா?

சேலத்தில் சித்திரை வெயில் கொளுத்துகிறது. மின்விசிறியைப் போட்டால் அதுவும் அனலை வீசுகிறது. ஞாயிற்றுக்கிழமை ஒருவர் மனைவி மக்களோடு ஏற்காட்டுக்குப் பஸ் ஏறுகிறார்.

மேலே போய் இறங்கியதும் குளுகுளு காற்று! ஏரி. காப்பித் தோட்டம். வானத்தைத் தொடும் சில்வர் ஓக் மரங்கள். பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. அவருக்கும் ஆசை பிறக்கிறது.

"இங்கேயே ஒரு வீடு பார்த்தால் என்ன? 30 கிலோ மீட்டர்தானே! தினமும் சேலத்துக்கு வேலைக்குப் போய் வந்து விடுவேன்" என்கிறார்.

மனைவி கேட்கிறார்: "அதெல்லாம் சரிங்க. ஐப்பசி அடைமழையிலே ராத்திரி எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவீங்க?"

சரியான கேள்வி! மலையில் குடியேற நினைப்பவர்கள் எல்லோரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஆனால், இதைத்தான் கடைசியில் கேட்கிறார்கள். சிலர், பத்திரம் எழுதிய பிறகு கேட்கிறார்கள்!

30 கிலோ மீட்டர் என்பது உண்மை. சேலத்தில் இருந்து ராசிபுரமும் ஏறக்குறைய அதே தூரம்தான். ஆனால், ராசிபுரம் பஸ் நேர்ச்சாலையில் ஓடுகிறது. ஏற்காடு பஸ் ஏற வேண்டும். சேலம் கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 900 அடி. ஏற்காடு ஏறத்தாழ 5,000 அடி. இடையில் 4,000 அடி ஏற்றம். வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள்.

காலையில் இறங்க 20. மாலையில் ஏற 20. ஒரு நாளைக்கு 40 வளைவு. மாதம் 25 நாள் வேலை என்றால், 1,000 வளைவுகள்!

நேரத்தையும் கணக்குப் போடுங்கள். போக ஒன்றே கால் மணி, வர ஒன்றே கால் மணி என்று வைத்துக் கொள்வோம். மாதத்துக்கு 62 மணிக்கு மேல். அதாவது, மாதத்தில் இரண்டரை நாள், இரவும் பகலுமாக, பாதையிலேயே போகிறது. அந்த நேரம் யாருடையது? பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கும் நேரம். சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடும் நேரம்.

வீட்டுத் தரகர் கிலோ மீட்டர் கணக்குச் சொல்வார். மணிக் கணக்குச் சொல்ல மாட்டார். அது அவர் தொழில். நாம்தான் கேட்க வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. "ஏற்காட்டில் வீடு" என்பார்கள். போய்ப் பார்த்தால் நாகலூர்ப் பக்கம் இருக்கும். செம்மநத்தம் பக்கம் இருக்கும். அழகான ஊர்கள்தான். ஆனால், கொண்டை ஊசி வளைவுகள் முடிந்த பிறகும் அங்கே போய்ச் சேர வேண்டும் அல்லவா? ஏற்காடு வரை பஸ் வரும். அதற்கு அப்பால்? கடைசி பஸ் எத்தனை மணிக்கு? அதை விட்டுவிட்டால் என்ன வழி? இதை விசாரிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

"எனக்குச் சொந்தக் கார் இருக்கிறது" என்று சிலர் சொல்லலாம். நல்லது. கார் இருந்தாலும் மலை மலைதான். மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு, இறங்கும் வண்டி வழிவிட வேண்டும். காலையில் அவசரமாக ஆபீசுக்கு இறங்குகிறவர் நீங்கள். எதிரே கோடை விழா பார்க்க வண்டிகள் வரிசையாக ஏறி வரும். நீங்கள்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். ஏறும்போது எந்தக் கியரோ, இறங்கும்போதும் அதே கியர் என்பது மலை டிரைவர்களின் பழைய பாடம். பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறிக் கைவிட்டு விடும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஆனால் நடந்ததை மறக்கக் கூடாது. 2024 ஏப்ரல் 30-ந் தேதி ஏற்காட்டில் இருந்து சேலம் நோக்கி இறங்கிய பஸ் ஒன்று கவிழ்ந்து உருண்டது. பல உயிர்கள் போயின. அதே ஆண்டு டிசம்பர் தொடக்கத்தில், ஃபெங்கல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தது. போக்குவரத்து நின்றது. சேலத்தில் வேலை இருந்தவர் மேலே இருந்தார். வீடு மேலே இருந்தவர் கீழே நின்றார்.

இரண்டாவது பாதை இருக்கிறதா என்று பார்ப்பது இதற்காகத்தான். ஏற்காட்டுக்குக் குப்பனூர் வழியாகவும் ஒரு பாதை உண்டு. கொஞ்சம் சுற்று. ஆனாலும் பெரிய வசதி. ஒரே பாதையை நம்பிய மலை ஊர்களும் நம் நாட்டில் இருக்கின்றன.

கோவையில் வேலை பார்ப்பவர்கள் "குன்னூரா, கோத்தகிரியா?" என்று யோசிப்பார்கள். மேட்டுப்பாளையத்தில் இருந்து இரண்டும் ஏறக்குறைய ஒரே தூரம். ஆனால், அதற்கு முன்பே கோவையில் இருந்து மேட்டுப்பாளையம் வர வேண்டும். அதுவே 35 கிலோ மீட்டர்! கோடை நெரிசலில், ஏற குன்னூர் வழி, இறங்க கோத்தகிரி வழி என்று ஒருவழிப் பாதை ஆக்குவதும் உண்டு. அப்போது சொந்த வீட்டுக்குச் சுற்றிப் போகும்படி ஆகலாம்.

"ரெயில் இருக்கிறதே!" என்று கேட்கலாம். இருக்கிறது. 1899-ல் குன்னூர் வரைக்கும், 1908-ல் ஊட்டி வரைக்கும் வந்த அருமையான ரெயில். 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. ஆனால், மேட்டுப்பாளையத்தில் இருந்து 46 கிலோ மீட்டர் ஏற ஐந்து மணி நேரம் ஆகும். அது மட்டுமா? காலையில் அது மேலே ஏறுகிறது. பிற்பகலில் கீழே இறங்குகிறது. கீழே வேலைக்குப் போகிறவருக்கு நேர் எதிர்! விருந்தாளிகளை ஏற்றி அனுப்பலாம்.

வேலைக்குப் போகிறவரை மட்டும் நினைத்தால் போதாது. நடுநிசியில் தாத்தாவுக்கு நெஞ்சு வலித்தால்? மகளுக்குப் பிரசவ வலி கண்டால்? ஏற்காட்டில் அரசு ஆஸ்பத்திரி உண்டு. பெரிய சிகிச்சை என்றால் சேலத்துக்குத்தான் இறக்க வேண்டும். அந்த 20 வளைவுகளையும், மேகம் மூடிய இருட்டில், கடந்தாக வேண்டும். மகன் கல்லூரிக்குப் போகிற வயது வந்தால், அவனும் இறங்கி ஏற வேண்டும். அல்லது விடுதியில் தங்க வேண்டும்.

அப்படியானால் மலையில் குடியேறவே கூடாதா? யார் சொன்னது? வாரத்தில் இரண்டு நாள் மட்டும் ஆபீசுக்குப் போனால் போதும் என்ற வேலை இப்போது சிலருக்கு இருக்கிறது. அவர்களுக்கு 1,000 வளைவு 350 வளைவாகக் குறைந்துவிடும். தாராளமாகப் போகலாம். ஓய்வு பெற்றவர்களும் போகலாம் (ஆஸ்பத்திரியை மறக்காமல்). தினமும் காலை 9 மணிக்கு மேஜை முன்னால் உட்கார்ந்தாக வேண்டியவர்தான் யோசிக்க வேண்டும்.

அவருக்கு ஒரு யோசனை. சித்திரையில் வீடு பார்க்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் மலையில் ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுங்கள். திங்கட்கிழமை காலை பஸ்சில் இறங்கிப் பாருங்கள். வெள்ளிக்கிழமை இரவு மழையில் ஏறிப் பாருங்கள். வீட்டில் விளக்கு வைத்துக் காத்திருந்தவர் எத்தனை மணிவரை காத்திருந்தார் என்பதை ஒரு நோட்டில் எழுதி வரச் சொல்லுங்கள். மார்கழி பிறந்ததும், அந்த நோட்டை நடுவில் வைத்து, வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து பேசுங்கள்.