வெங்காயம் கேட்கும் பகல்

செங்கல்பட்டில் மாடித்தோட்டம் போட்டவர்கள் பலருக்கும் இந்த ஏமாற்றம் தெரியும். இணையத்தில் வாங்கிய வெங்காய விதை நன்றாக முளைக்கிறது. தாள் முழ உயரம் நிற்கிறது. நான்கைந்து மாதம் காத்திருந்து பிடுங்கினால் கழுத்தும் அடியும் ஒரே பருமன். உரம் போதவில்லையென்று யூரியாவைக் கூட்டுகிறார்கள். தழைச்சத்து மிகுந்து தாள்தான் கொழிக்கிறது, காய் பிடிப்பதில்லை.

கோளாறு வளர்த்தவர் கையில் இல்லை, விதையில் இருக்கிறது.

வெங்காயம் பகலின் நீளம் பார்த்துத்தான் அடி பருக்கும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ‘வாலா வாலா’ போன்ற நெடும்பகல் ரகங்களுக்குச் சுமார் 14 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் வேண்டும். அங்கே ஜூன் மாதப் பகல் 15 மணி நேரத்தைத் தாண்டும். செங்கல்பட்டிலோ ஆண்டின் மிக நீண்ட பகலே 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. டிசம்பரில் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கும் கீழே இறங்கிவிடும். எவ்வளவு பாடுபட்டாலும் அந்த விதைக்கு இங்கே வேளை வராது. நம் ஊர் பெல்லாரியும் சின்ன வெங்காயமும் 12 மணி நேர வெளிச்சத்துக்கே பழகிய குறும்பகல் ரகங்கள். வெயில் ஏற ஏறக் காய் சீக்கிரம் திரளும்.

பூண்டின் கதை வேறு. அதற்குக் குளிர் வேண்டும், குளிர் படாவிட்டால் பல் பிரியாது. 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பூண்டு கொடைக்கானல் மலையில் விளைவது அதனால்தான்.

மாமல்லபுரம் கடற்கரையோரம் வெங்காயத்துக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மணல் நிலத்தில் தண்ணீர் நிற்காது. அதன் வேரும் மேலோட்டம். அடிக்கடி பாய்ச்சலாம் என்றால், கிணற்றில் உப்பு ஏறியிருக்கும். உப்பைக் கொஞ்சமும் தாங்காத பயிர் இது: மண் கரைசலின் மின்கடத்துதிறன் மீட்டருக்கு 1.2 டெசிசீமன்ஸைத் தாண்டியதுமே விளைச்சல் சரியத் தொடங்கும். மக்கிய எருவைத் தாராளமாக இட்டு, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் நடுவதே அந்த மண்ணுக்கு ஏற்றது. ஐப்பசி மழையில் நீர் தேங்கினால் நட்ட காயே அழுகிவிடும்.

விதைப் பொட்டலத்தின் மேல் பளபளக்கும் படத்தை விட, ‘குறும்பகல் ரகம், நடவு மாதம் இது’ என்ற ஒரு வரிதான் வாங்குபவருக்குத் தேவை. அதைத் தமிழில் அச்சிடுவதை அரசு கட்டாயமாக்க வேண்டும். அதுவரை விதை வாங்குமுன் ரகத்தின் பெயரைக் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்திலோ அருகிலுள்ள தோட்டக்கலை அலுவலகத்திலோ ஒருமுறை கேட்டுவிடுங்கள்.