மாரியப்பன் ஊருக்கு வளைவு வேண்டாம், பயிற்சி மெத்தை வேண்டும்

அனுப்புநர்:
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்,
ஊர்ப்பொது விளையாட்டு ஆர்வலர் சங்கம்,
பெரியவடகம்பட்டி, சேலம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள், சேலம்.

நகல்: மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலர், மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர்.

பொருள்: மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கு உயரம் தாண்டுதல் பயிற்சி வசதி கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மா,

எங்கள் ஊர்ப் பிள்ளை மாரியப்பன் தங்கவேலு 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவில் கொட்டும் மழையில் 1.86 மீட்டர் தாண்டி வெள்ளி. 2024 பாரிஸில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம். அடுத்தடுத்து மூன்று பாராலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவரே. பத்மஸ்ரீயும் கேல் ரத்னாவும் அவரைத் தேடி வந்தன. வெளியூரில் ஊர்ப் பேரைச் சொன்னால், “மாரியப்பன் ஊரா?” என்று இப்போது கேட்கிறார்கள்.

அவர் பெயரில் அலங்கார வளைவோ சிலையோ கேட்டு இம்மனுவை அளிக்கவில்லை. ஊர்வலமும் மாலையும் நாங்களே பார்த்துக்கொள்வோம்.

ஐந்து வயதில் பள்ளிக்குப் போகும் வழியில் பேருந்து ஏறி அவருடைய வலது கால் முழங்காலுக்குக் கீழே நசுங்கியது. காய்கறி விற்று அவரை ஆளாக்கினார் தாயார். பள்ளி உடற்கல்வி ஆசிரியர் ஒருவர் அவரைத் தாண்டச் சொன்னார். 2013 தேசியப் போட்டியில் பெங்களூருப் பயிற்சியாளர் சத்தியநாராயணாவின் கண்ணில் பட்டார். இந்த இருவரில் ஒருவர் கவனிக்காமல் போயிருந்தாலும் அவர் கூலி வேலையோடு நின்றிருப்பார். அடுத்த பிள்ளையையும் அதிர்ஷ்டத்தின் பொறுப்பில் விட்டுவிடுவது சரியல்ல என்பதே எங்கள் கருத்து.

எனவே முதன்மையாக வேண்டுவது, வட்டாரத்தில் ஓர் அரசுப் பள்ளியிலாவது உயரம் தாண்டுதலுக்கான பஞ்சு மெத்தை, குறுக்குக் கம்பி, தாங்கிகள் கொண்ட முழுத் தொகுப்பு. கிராமப்புறப் பள்ளிகளில் பெரும்பாலும் மணற்குழிதான். அதில் காலை ஊன்றி இறங்கலாம். முதுகில் விழ முடியாது. ஒரு கால் வலுவில்லாத பிள்ளைக்கு ஊன்றி இறங்குவதே ஆபத்து. மெத்தை இல்லாத இடத்தில் அந்தப் பிள்ளையிடம், “நீ ஓரமா உட்காரு” என்று சொல்லிவிடுகிறார்கள். அக்கறையில் சொல்வதுதான். ஆனால் அன்றோடு அவன் விளையாட்டு முடிகிறது.

அடுத்து, ஓமலூரில் ஆண்டுக்கொரு முறை விளையாட்டு வகைப்பாட்டு வழிகாட்டு முகாம் நடத்த வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையிலுள்ள பாதிப்புச் சதவீதம் வேறு, போட்டிக்கான வகைப்பாடு வேறு. ரியோவில் மாரியப்பன் தாண்டியது டி-42 பிரிவில்; பாரிஸில் டி-63. எந்தப் பிரிவில் பெயர் கொடுப்பது என்று தெரியாமலேயே பல பெற்றோர் விட்டுவிடுகிறார்கள். உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் இதில் பயிற்சி தேவை. சேலம் மகாத்மா காந்தி விளையாட்டரங்கத்துக்குப் பயிற்சிக்கு வரும் மாணவருக்கும் துணைக்கு வருபவருக்கும் பயணப்படி வழங்கினால் உதவியாக இருக்கும்.

பரிசுத் தொகையிலிருந்து, தாம் படித்த அரசுப் பள்ளிக்கு 30 லட்சம் ரூபாய் தருவதாக 2016-லேயே அறிவித்தவர் மாரியப்பன். வெற்றி பெற்றவரே நன்கொடையும் தர வேண்டும் என்று இருந்துவிடுவது நம் எவருக்கும் அழகல்ல. இடம் ஒதுக்கினால், மெத்தைக்கு மழை படாத கொட்டகையைச் சங்கமே போட்டுத் தரும்.

மற்றவை முன்பின் ஆனாலும், வரும் கல்வியாண்டு தொடங்கும் முன் மெத்தை வந்து சேர ஆணையிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் உறுப்பினர்கள்.