கராத்தேயா, சிலம்பமா?

பேத்திக்குப் பதினோரு வயது. பள்ளிக்கூடம் திறந்ததும் ஏதாவது ஒரு தற்காப்புக் கலை வகுப்பில் அவளைச் சேர்ப்பது என்று வீட்டில் முடிவானது. “எதுல சேக்கலாம், நீங்க சொல்லுங்க மாமா” என்றாள் மருமகள். நான் வாயைத் திறப்பதற்குள் மகன் முந்திக்கொண்டான். “அப்பா, இந்தத் தடவை அவகிட்டக் கேட்டுட்டு முடிவு பண்ணுங்க.” சிரித்துக்கொண்டேதான் சொன்னான். எனக்குத்தான் சுருக்கென்றது.

அது முப்பது வருஷத்துக்கு முந்தைய கதை. ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தவன், பஸ்ஸில் பெரிய பையன்கள் சீண்டுகிறார்கள் என்று ஒருநாள் அழுதுகொண்டு வந்தான். என் தலைமுறைக்குத் தெரிந்த ஒரே மருந்து கராத்தே. 1973-இல் வெளிவந்த ‘எண்டர் தி டிராகன்’ படத்தைப் பார்த்துவிட்டு, புரூஸ் லீ செய்வதெல்லாம் கராத்தே என்று நம்பிய கூட்டம் நாங்கள். அவர் கற்றது சீனத்துக் குங்ஃபூ என்பதே பின்னால்தான் தெரிந்தது.

ஆபீஸ் போகிற வழியில் இருந்த ஒரு வகுப்பில் சேர்த்துவிட்டேன். நான் விசாரித்தது இரண்டே விஷயம்: மாதம் எவ்வளவு, பெல்ட் எப்போது கிடைக்கும். கராத்தேயிலேயே பல வகை உண்டு என்று தெரியாது. சிலவற்றில் குத்தை உடம்பில் படுவதற்கு முன்பே நிறுத்திவிடுவார்கள். சிலவற்றில் அடி நிஜமாகவே விழும். நான் சேர்த்தது இரண்டாவது வகை. அடிக்குப் பயந்து அழுத பிள்ளையை அடி வாங்கும் இடத்திலேயே கொண்டுபோய் விட்டிருக்கிறேன். நான்காவது மாதம் விரல் வீங்கி வந்து நின்றான். “ஆம்பளப் பிள்ளைன்னா தாங்கணும்டா” என்றேன். அதோடு வகுப்புக்குப் போவதை நிறுத்திவிட்டான். பஸ்ஸையும் விட்டுவிட்டு அந்த வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போயிருக்கிறான். அவன் இதை என்னிடம் சொன்னது அவனுக்குக் கல்யாணம் ஆன பிறகு.

அதனால்தான் சொல்கிறேன், எந்தக் கலை உசத்தி என்று கேட்பதில் பயனில்லை. எதற்காகக் கற்கிறோம் என்பதுதான் முதல் கேள்வி. போட்டி, பதக்கம் என்று ஆசை இருந்தால் ஜூடோவோ டேக்வாண்டோவோ பார்க்கலாம். ஜூடோ 1964-இல் ஒலிம்பிக்கில் நுழைந்தது, டேக்வாண்டோ 2000-இல் பதக்க விளையாட்டானது. கராத்தே 2021-இல் நடந்த டோக்கியோ போட்டியில் மட்டும் இருந்தது, பாரீஸில் இல்லை. பிடித்துத் தள்ளுகிறவர்களைச் சமாளிக்க வேண்டும் என்றால், குத்தும் உதையும் இல்லாத ஜூடோவில் முதல் பாடமே அடிபடாமல் விழுவதுதான். என் மகனுக்கு அதுதான் பொருந்தியிருக்கும். நம் வயதுக்காரர்களுக்குச் சீனத்துத் தாய்ச்சி நல்லது. மெதுவான அசைவுகள், தடுமாறி விழுவதைக் குறைக்க உதவும். மூட்டுவலி இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுச் சேருங்கள்.

கலையைப் போலவே வாத்தியாரையும் பார்க்க வேண்டும். பணம் கட்டுவதற்கு முன் ஒரு நாள் ஓரமாக உட்கார்ந்து வகுப்பைப் பாருங்கள். நன்றாகச் செய்கிற பையனை விட்டுவிட்டு, தடுமாறுகிற பிள்ளையை அவர் எப்படி நடத்துகிறார் என்று கவனியுங்கள். ‘மூன்றே மாதத்தில் யாரையும் அடித்து வீழ்த்தலாம்’ என்கிறவரிடம் போகாதீர்கள். கத்தியோடு ஒருவன் வந்தால் ஓடிவிடு என்று சொல்லித்தருகிறவர்தான் நல்ல வாத்தியார்.

சரி, பேத்தி என்ன சொன்னாள்? மருமகளுக்குப் பேப்பரில் வரும் செய்திகளைப் படித்துப் படித்துப் பயம். பிள்ளை தன்னைக் காத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். பேத்தியோ, “தாத்தா, திருவிழால கம்பு சுத்துனாங்கல்ல, விர்ருனு ஒரு சத்தம் வந்துச்சே, அது எனக்கு வேணும்” என்றாள்.

மருமகள் முகம் சுருங்கியது. ரோட்டில் கம்பை எடுத்துக்கொண்டா போவாள் என்பது அவள் கேள்வி. நியாயமான கேள்விதான். ஆனால் சிலம்பத்தில் கம்பைவிடக் காலடிக்கு வேலை அதிகம். விலகவும் திரும்பவும் எதிராளியை எட்ட நிறுத்தவும் கால் பழகுகிறது. அதைவிட முக்கியம், பிடித்துப் போகிற பிள்ளை நாலு வருஷம் போகும். நாம் பிடித்துத் தள்ளுகிற பிள்ளை நாலு மாதத்தில் நின்றுவிடும். நின்றுவிட்ட பிள்ளைக்கு எந்தக் கலையும் துணைக்கு வராது.

போன ஞாயிற்றுக்கிழமை காலை மைதானத்துக்கு மூன்று பேரும் போய் ஓரமாக உட்கார்ந்து பார்த்தோம். கம்பு கைநழுவி விழுந்து ஒரு சின்னப் பையன் அழப்போனான். வாத்தியார் அதை எடுத்துத் துடைத்து அவன் கையில் கொடுத்து, “எனக்கும் விழுந்திருக்கு, சுத்து” என்றார். மகன் என்னைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு பேரும் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை. அன்றைக்கே சேர்த்துவிட்டோம்.