சாக்கில் எழுதிய பெயர்



கிழிந்த பழைய சாக்கைத் தாருங்கள், பதிலுக்குப் புதுச் சாக்குத் தருகிறேன் என்று ஒருவர் வாசலில் வந்து நின்றால் என்ன நினைப்பீர்கள்? கானா நாட்டுச் சந்தைகளில் இப்ராஹீம் மஹாமா என்ற கலைஞர் செய்தது இதைத்தான்.

1987இல் வட கானாவின் தமலே நகரில் பிறந்தவர் இவர். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர் அது. குமாஸியிலுள்ள பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்றார். ஓவியச் சீலையை விட்டுச் சணல் சாக்கைக் கையிலெடுத்தார்.

அந்தச் சாக்கின் கதையைக் கேளுங்கள். ஆசியாவில் நெய்யப்பட்டுக் கானாவுக்கு வரும். அங்கே முதலில் கொக்கோ விதை சுமக்கும். பிறகு அரிசி, சோளம். கடைசியில் அடுப்புக்கரி. கொக்கோவின் இலாபம் கடல் கடந்து போய்விடும். நைந்த சாக்கு மட்டும் ஏழை வியாபாரியிடம் தங்கும். தன்னுடையது என்று அடையாளம் காண அவர் அதில் பெயரை எழுதி வைப்பார். இப்படிப் பெயர்களும் அழுக்கும் தாங்கிய சாக்குகளை ஒன்றோடொன்று தைத்து, மஹாமா பெரிய கட்டடங்களையே போர்த்தினார். 2015இல் இத்தாலியின் வெனிஸில், 2017இல் ஜேர்மனியின் காஸெலில் அவை தொங்கின. இதுவும் ஒரு கலையா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேட்கட்டும்.

என் மனதைத் தொட்டது தைத்த கைகள். வடக்கின் வறுமையால் தெற்கு நகரங்களுக்குப் பிழைக்க வந்தவர்கள் பலர் இந்தத் தையலில் சேர்ந்தார்கள். தலைச்சுமை தூக்கிய பெண்களும் அவர்களில் உண்டு. பலருடைய முன்கையில் உறவினரின் பெயர் பச்சை குத்தப்பட்டிருக்கிறது. அழகுக்காக அல்ல. அந்நிய ஊரில் விபத்து நேர்ந்தால் யார் வீட்டுப் பிள்ளை என்று தெரியவேண்டுமே! பச்சை குத்துவது மார்க்கத்தில் தடுக்கப்பட்டது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனாலும் மஹாமா படமெடுத்த அந்தக் கைகளைப் பார்த்தபோது எனக்குச் சட்டம் பேச நா எழவில்லை. சாக்குக்கும் பெயர், அதைச் சுமப்பவளுக்கும் பெயர்!

2024இல் இலண்டன் பார்பிக்கன் கலை நிலையத்தை ஊதாவும் இளஞ்சிவப்புமான கைத்தறித் துணியால் போர்த்தினார். சுமார் 2,000 சதுர மீற்றர். விரித்துத் தைக்க வேறு இடம் போதாமல், தமலேயின் விளையாட்டு மைதானத்தில் கைவினைஞர்கள் நூற்றுக்கணக்கில் கூடித் தைத்தார்கள். குடும்பங்கள் தலைமுறையாகப் பேணிவந்த ஏறக்குறைய 100 மேலங்கிகளும் அதில் இணைந்தன.

கண்காட்சியில் முன்னால் தெரிவது மஹாமாவின் பெயர்தான். அது எனக்கு உறுத்துகிறது. ஆனால் பணம் போன இடத்தையும் சொல்லவேண்டும். படைப்புகளை விற்ற வருமானத்தில் 2019இல் தமலேயிலேயே ஒரு கலை நிலையம் திறந்தார். அடுத்த ஆண்டு இன்னொரு பெரிய வளாகம். அங்கே பழைய விமானங்களைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார். ஊர்ப் பிள்ளைகள் அவற்றுக்குள் உட்கார்ந்து படிக்கிறார்கள்.