40 கோடி எப்படி 78 கோடி ஆச்சு?

ஒரு சின்னக் கணக்கு. 10 வருஷம் கழிச்சு உங்களுக்கு 100 ரூபாய் தர்றேன்னு ஒருத்தர் சொல்றார். அதுக்கு இன்னைக்கு எவ்வளவு கொடுப்பீங்க?

கம்பெனிகள் ஒரு நீண்டகாலத் திட்டத்தை எடை போடுறது இப்படித்தான். போட்ட பணத்துக்கு வருஷம் 12 சதவீத வருமானம் வேணும்னு வெச்சுக்கிட்டா, 10 வருஷம் கழிச்சு வர்ற 100 ரூபாயோட இன்றைய மதிப்பு வெறும் 32 ரூபாய். 20 வருஷம்னா 10 ரூபாய் சொச்சம். அதனாலதான் "ஒரு பேட்டரியை நாமளே உருவாக்குவோம்"னு ஆராய்ச்சிப் பிரிவு கேட்டா, "வெளிநாட்டு டெக்னாலஜியை லைசென்ஸ் வாங்கிக்கலாமே"ன்னு நிதிப் பிரிவு சொல்லுது. அவங்களைத் திட்டிப் பயனில்லை. எக்செல் ஷீட் அப்படித்தான் காட்டும்.

அந்த ஷீட்டை மாத்துற சக்தி அரசுக்கு உண்டு. வருமான வரிச் சட்டம் பிரிவு 35(2ஏபி) அதைத்தான் செஞ்சுது. அங்கீகாரம் பெற்ற சொந்த ஆராய்ச்சிக்கூடத்தில் ஒரு கம்பெனி 100 கோடி செலவழிச்சா, வரிக்கணக்கில் 200 கோடி கழிச்சுக்கலாம். 30 சதவீத வரியில் 60 கோடி மிச்சம் (சர்சார்ஜ், செஸ் சேர்க்காமல்). கைக்காசு 40 கோடிதான்.

ஒன்றிய பாஜக அரசு இதை 2017 ஏப்ரலில் 150 சதவீதமாக்கியது. 2020 ஏப்ரலில் 100. அதாவது, ஆராய்ச்சிச் செலவும் ஆபீஸ் கரண்ட் பில்லும் இப்போ ஒண்ணு!

"அதான் 2019-இல் கார்ப்பரேட் வரியை 22 சதவீதமா குறைச்சோமே" என்பார்கள். சரி, அந்தச் சலுகை யாருக்கு? ஆராய்ச்சி பண்றவனுக்கும் அதே 22, ஒரு ரூபாய்கூட ஆராய்ச்சிக்குப் போடாதவனுக்கும் அதே 22. இப்போ அதே 100 கோடிக்கு மிச்சமாகிற வரி 22 கோடி. கைக்காசு 78 கோடி. கிட்டத்தட்ட டபுள்.

2020-21இல் ஆராய்ச்சிக்கு இந்தியா செலவழித்தது ஜிடிபியில் 0.64 சதவீதம். தென்கொரியா 4 சதவீதத்துக்கும் மேல. இன்ஜினியரிங் முடிச்ச நம்ம பசங்க 'கோர்' வேலை கிடைக்காம அலையறதுக்கு இதுவும் ஒரு காரணம்னு உங்களுக்கே புரியும்.

2025 ஜூலையில் 1 லட்சம் கோடி ஆராய்ச்சி நிதிக்கு ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. குறைந்த வட்டி, நீண்ட தவணை. நல்லதுதான், வரவேற்கிறோம். ஆனா அது ஆய்வகத்தில் ஓரளவு நிரூபிச்ச திட்டங்களுக்குத்தான். அதுக்கு முந்தின கட்டம்தான் ரிஸ்க் அதிகம். அங்கேதான் பழைய வரிக்கழிவு கைகொடுத்துச்சு.

எங்கள் கோரிக்கை: 200 சதவீத வரிக்கழிவு திரும்ப வரணும், 22 சதவீத வரி கட்டுற கம்பெனிகளுக்கும் சேர்த்து. பொய்க்கணக்கு காட்டுவாங்கன்னு பயமா? தணிக்கையை இறுக்குங்க. உங்க தொகுதி எம்பியை டேக் பண்ணி இந்தக் கணக்கைக் கேளுங்க.

– தகவல் தொழில்நுட்ப அணி
#ஆராய்ச்சிக்கு200